கன்றின் வயிறும் கறவையின் மடியும்

கன்றுக்குப் பால் விட்டால் இன்றைக்கு நமக்கு நஷ்டம். விடாவிட்டால் நாளைக்கு நஷ்டம். இந்த இரண்டில் எது பெரிய நஷ்டம் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் சங்க அன்பர்களில் பலருடைய முன்னோர்கள் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டங்களுக்குத் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து மலையேறி வந்தவர்கள். இன்னும் பலர் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் எல்லைப் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்கள். என்னைப் போன்ற சிலர் ரயில்வே உத்தியோகத்தின் பொருட்டு ஓலவக்கோட்டுக்கு வந்து அப்படியே தங்கிவிட்டவர்கள். எந்த வழியில் வந்தாலும் வீட்டுக்கு ஒரு பசு என்ற பழக்கத்தை நாம் விட்டுவிடவில்லை. தோட்டத்து லயங்களின் பின்புறத்திலும் மாட்டுக்கொட்டகை உண்டு. கூலி போதாத மாதங்களில் பள்ளிச் சம்பளம் கட்டியது அந்தக் கொட்டகைதான் என்று சொல்லும் குடும்பங்கள் எத்தனையோ!

அடியேன் கால்நடை மருத்துவன் அல்லன். பட்டயப் படிப்பு முடித்து, இருப்புப் பாதையும் பாலமும் பார்த்தே காலம் கழித்தவன். கால்நடைத் துறை நண்பர்களைக் கேட்டும் நூல்களைப் படித்தும் தெரிந்துகொண்டதை, ஒரு பொறியாளன் கண்ணோட்டத்தில் எழுதுகிறேன்.

மாட்டுப்பட்டியில் தொடங்கிய முயற்சி

மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் போகும் வழியில், 13 கிலோமீட்டர் தொலைவில் மாட்டுப்பட்டி இருக்கிறது. ரயில்வேக்காரனுக்கு இந்த இடத்தில் தனி ஆர்வம் உண்டு. 1902-ஆம் ஆண்டில் இந்த வழியாக ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. இழுத்தது நீராவி இஞ்சின் அல்ல, காளை மாடுகள்! 1908-இல் அது இரண்டு அடி அகல இருப்புப் பாதையாக மாறியது. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விட்டது.

அதே மாட்டுப்பட்டியில் 1963-ஆம் ஆண்டு இந்திய - சுவிஸ் கூட்டுத் திட்டம் தொடங்கிற்று. அப்போது இடுக்கி மாவட்டம் பிறக்கவில்லை. 1972-இல்தான் அது உருவாயிற்று. கேரளத்து நாட்டுப் பசுக்கள் அந்நாளில் ஒன்றிரண்டு லிட்டருக்கு மேல் கறப்பது அரிது. சுவிட்சர்லாந்திலிருந்து பிரவுன் சுவிஸ் காளைகளைக் கொண்டுவந்து நாட்டுப் பசுக்களோடு கலந்தார்கள். இவ்வாறு உருவான இனத்திற்குச் சுனந்தினி என்று பெயர். 1976-இல் இப்பணிக்கெனத் தனி வாரியம் அமைந்தது. பால் விற்பனைப் பொறுப்பைப் பின்னர் மில்மா ஏற்றுக்கொள்ள, கேரளக் கால்நடை வளர்ச்சி வாரியம் இனவிருத்திப் பணியைத் தொடர்ந்து செய்துவருகிறது. ஓலவக்கோட்டுக்குப் பக்கத்திலுள்ள தோணிப் பண்ணையும் அந்த வாரியத்தைச் சேர்ந்ததே.

ஆனால் நல்ல காளையின் விந்து மட்டும் நல்ல பசுவை உண்டாக்கிவிடுமா? கலப்பினக் கன்று பிறந்தது ஏழையின் கொட்டகையில். தாய்ப் பாலில் பெரும்பகுதி சொசைட்டிக்குப் போயிற்று. கன்றுக்குக் கிடைத்தது கழுநீரும் வைக்கோலும்தான். பரம்பரையாகப் பெற்ற ஆற்றல் உடம்பில் இருந்தும், அதை வெளிக்கொணரும் உணவு இல்லை. கிடேரி நான்கு வயதாகியும் பருவத்துக்கு வராமல் நின்றது. ஆகவே கன்றுக்கென்று தனித் தீவனம் தரும் மானியத் திட்டங்கள் வந்தன. தேர்ந்தெடுத்த கிடேரிக் கன்றுகளுக்குச் சில மாத வயதிலிருந்தே குறைந்த விலையில் தீவனம் கொடுக்கும் கோவர்த்தினித் திட்டம் அவற்றுள் ஒன்று. கறக்கிற மாட்டுக்கு அல்ல, கறக்காத கன்றுக்கு அரசு பணம் செலவழிக்கிறது என்றால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும் அல்லவா?

முதல் நாள்: சீம்பால்

மனிதக் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே நோய் எதிர்ப்புப் பொருளில் ஒரு பகுதியைப் பெற்றுக்கொள்கிறது. கன்றுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பசுவின் நச்சுக்கொடி அதைக் கடத்துவதில்லை. எல்லாம் சீம்பாலில்தான் இருக்கிறது. அதிலும் ஒரு நிபந்தனை: கன்றின் குடல் அப்பொருளை முழுதாக உறிஞ்சிக்கொள்ளும் சக்தி, பிறந்த சில மணி நேரத்திலேயே குறையத் தொடங்கி, ஒரு நாள் ஆவதற்குள் ஏறக்குறைய அற்றுப்போகிறது. மறுநாள் ஒரு வாளி சீம்பால் கொடுத்தாலும் வயிறு நிறையும், காப்பு கிடைக்காது.

நம் வீடுகளில் சீம்பாலைக் கருப்பட்டி போட்டுக் காய்ச்சி அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கும் வழக்கம் உண்டு. நல்ல வழக்கம்தான். கன்று குடித்து மிஞ்சியதைக் கொடுங்கள். பிறந்த ஓரிரு மணி நேரத்துக்குள் முதல் தவணை கன்றுக்கு. முதல் நாள் முழுவதற்குமாகக் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்காவது கொடுக்க வேண்டும். 25 கிலோக் கன்றுக்கு இரண்டரை லிட்டர். நச்சுக்கொடி விழுந்த பிறகுதான் கன்றுக்குப் பால் காட்ட வேண்டும் என்று சில வீடுகளில் சொல்வார்கள். அப்படிக் காத்திருந்தால் போன நேரம் திரும்பாது.

முதல் மூன்று மாதம்: பாலும் தானியமும்

மாட்டுக்கு நான்கு வயிறு என்று சிறு வயதில் படித்திருக்கிறோம். பிறந்த கன்றுக்கும் நான்கு இருக்கின்றன. ஆனால் வேலை செய்வது நான்காவது மட்டுமே. குடிக்கும் பால் பெருவயிற்றில் இறங்காமல், தொண்டைக்குக் கீழே தானாக மூடிக்கொள்ளும் ஒரு வாய்க்கால் வழியாக நேரே நான்காம் வயிற்றுக்குப் போய்விடுகிறது. ரயில் பாதையில் வண்டியைத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புல்லைச் செரிக்கும் பெருவயிறு பிறந்த பிறகுதான் வளர வேண்டும். எப்படி வளர்கிறது? புல் தின்னத் தின்ன வளரும் என்றே வெகுகாலம் நினைத்தார்கள். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 1956-இல் வெளியிட்ட ஆராய்ச்சி வேறொன்றைக் காட்டிற்று. வைக்கோலும் புல்லும் பெருவயிற்றின் கொள்ளளவைப் பெருக்குகின்றன. ஆனால் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற சின்னஞ்சிறு முளைகள் அதன் உட்சுவரில் அடர்ந்து வளர, தானியம் புளிக்கும்போது உண்டாகும் பியூட்டிரிக் முதலான அமிலங்கள் வேண்டும். வெறும் புல் தின்ற கன்றுக்குப் பானை வயிறு இருக்கும். உறிஞ்சும் பரப்பு இருக்காது. ‘கன்று வயிறு நிறையத் தின்கிறது, உடம்பு மட்டும் தேறவில்லை’ என்று நாம் அலுத்துக்கொள்வதன் மர்மம் இதுதான்.

ஆகையால் இரண்டாம் வாரத்திலிருந்தே ஒரு கைப்பிடி கன்றுத் தீவனத்தை வாயருகே காட்டிப் பழக்க வேண்டும். அதில் நூற்றுக்கு இருபது பங்குக்குக் குறையாமல் புரதம் இருக்க வேண்டும். பக்கத்தில் நல்ல தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். பால்தான் குடிக்கிறதே, தண்ணீர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பால் போவது நான்காம் வயிற்றுக்கு. பெருவயிற்றில் தானியம் புளிக்கத் தண்ணீர் தனியாக வேண்டும்.

இனிப் பாலின் கணக்குக்கு வருவோம். கன்றின் எடை ஒரு கிலோ கூட ஏறக்குறையப் பத்து லிட்டர் பால் செலவாகும் என்பது பழைய கணக்கு. நாளொன்றுக்கு ஒரு லிட்டர் கூடுதலாக அறுபது நாள் விட்டால், 60 லிட்டருக்கு 6 கிலோ. அதாவது நாளுக்கு 100 கிராம் கூடுதல் வளர்ச்சி. இந்த 60 லிட்டர் திரும்பி வருமா? கார்னெல் பல்கலைக்கழகத்தார் 2012-இல் தங்கள் பண்ணைக் குறிப்புகளை வைத்துக் கணக்கிட்டார்கள். பால் மறக்கும் முன் கன்றின் தினசரி வளர்ச்சி ஒரு கிலோ கூடுதலாக இருந்தால், முதல் ஈற்றில் சராசரி 850 கிலோ பால் கூடுதலாகக் கிடைக்கிறது என்று கண்டார்கள். அப்படியானால் 100 கிராமுக்கு 85 கிலோ! அங்குள்ள பசுக்கள் நம்முடையவற்றைப் போலச் சில மடங்கு கறப்பவை. ஆகவே அந்த எண்ணை அப்படியே இங்கே பொருத்தக் கூடாது. ஆனால் திசை ஒன்றுதான். கன்றுக்கு விட்ட பால் வீண்போவதில்லை. அதோடு, கிடேரி பருவத்துக்கு வருவது வயதைவிட எடையைப் பொறுத்தது. முழு வளர்ச்சி எடையில் ஏறக்குறையப் பாதியை எட்டும்போது பருவம் வருகிறது. நன்றாக வளர்ந்த கலப்பினக் கிடேரி இரண்டரை வயதை ஒட்டி ஈன்றுவிடும். வாடிய கிடேரி நான்கு வயதிலும் நிற்கும். இடையிலுள்ள ஒன்றரை வருடமும் அதற்கு வைக்கோல் போடுவது யார்?

கொழுப்பு எப்போது சேருகிறது?

இதுவரை படித்தவர்கள், கன்றுக்கு எவ்வளவு போட்டாலும் நல்லதுதான் என்று முடிவுகட்டியிருப்பீர்கள். அங்கேதான் ஒரு திருப்பம் இருக்கிறது.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹாமண்ட் என்ற பேரறிஞரிடம் பயின்றவர் மெக்மீக்கன் என்னும் நியூசிலாந்துக்காரர். பன்றிகளை வைத்து அவர் செய்த சோதனையின் முடிவுகள் 1940-இல் வெளிவந்தன. பதினாறு வாரம் வரை சில குட்டிகளுக்குத் தாராளமாகவும் சிலவற்றுக்குக் குறைவாகவும் தீனி போட்டார். பிறகு ஒவ்வொரு பிரிவிலும் பாதியை மாற்றிப் போட்டார். எல்லாவற்றையும் ஒரே எடையில், 200 பவுண்டு வந்ததும், அறுத்துப் பார்த்தார். முதலில் நிறையத் தின்று பிறகு குறைத்த பன்றிகளில் சதை அதிகம், கொழுப்பு குறைவு. முதலில் பட்டினி கிடந்து பிறகு நிறையத் தின்ற பன்றிகளில் கொழுப்பு மிக அதிகம். தராசில் இரண்டும் ஒன்று. உள்ளே இரண்டும் வேறு!

காரணம் இதுதான். உடம்பு ஒரு வரிசைப்படி கட்டப்படுகிறது. முதலில் எலும்பு, அடுத்துச் சதை, கடைசியில் கொழுப்பு. எலும்பும் சதையும் வளரும் காலத்தில் சத்து வந்தால் அவை எடுத்துக்கொள்ளும். அந்தக் காலம் கடந்து வந்தால் கொழுப்புக்குப் போகும்.

அதே கேம்பிரிட்ஜில் மெக்கான்ஸும் விடோசன் அம்மையாரும் எலிகளை வைத்துப் பார்த்தார்கள். ஒரு தாய் எலியிடம் மூன்று குட்டிகளை மட்டும் விட்டார்கள். இன்னொன்றிடம் பதினைந்து, இருபது குட்டிகள். மூன்று வாரம் கழித்து எல்லாவற்றுக்கும் வேண்டிய மட்டும் உணவு கொடுத்தும், பெருங்குடும்பத்துக் குட்டிகள் கடைசி வரை சிறியனவாகவே இருந்தன. ஆனால் வளர்ந்த பிறகு அதே மூன்று வாரம் பட்டினி போட்ட எலிகள், உணவு கிடைத்ததும் சரியாகிவிட்டன. பட்டினி ஒன்றே, வந்த வயதுதான் வேறு. 1968-இல் அமெரிக்க அறிஞர்கள் நிட்டில், ஹிர்ஷ் இருவரும் இத்தகைய எலிகளின் கொழுப்பையே எடுத்து எண்ணினார்கள். குட்டிப் பருவத்தில் மிகுதியாகப் பால் குடித்தவற்றுக்குக் கொழுப்பு அணுக்களின் எண்ணிக்கையே கூடுதலாக இருந்தது. அது பிறகும் மாறவில்லை. ஆகவே இளமையில் மிகையும் தங்கிவிடுகிறது, குறையும் தங்கிவிடுகிறது.

கான்கிரீட் போட்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கலவையில் தண்ணீர் கூடிப்போனால் கான்கிரீட் பலவீனம் அடையும். போட்டு இறுகிய பிறகு முதல் வாரத்தில் அதே தண்ணீரை ஊற்றி ஈரம் காத்தால் பலம் ஏறும். அந்த வாரத்தைத் தவறவிட்டு, ஆறு மாதம் கழித்துக் குடம் குடமாக ஊற்றினால் பாசிதான் பிடிக்கும். கேட்க வேண்டிய கேள்வி எவ்வளவு என்பது மட்டும் அல்ல, எப்போது என்பதும்.

மூன்று மாதம் முதல் பருவம் வரை: மடி உருவாகும் காலம்

கிடேரியின் மடிக்குள் பால் சுரக்கும் திசு, மூன்று மாத வயதை ஒட்டித் தொடங்கி ஒன்பது பத்து மாதம் வரை, உடம்பின் மற்ற பாகங்களைவிட வேகமாக வளர்கிறது. பசுவின் எதிர்காலம் அந்த ஆறேழு மாதத்தில் எழுதப்படுகிறது. அப்போது மாவுச்சத்தை அள்ளிப் போட்டால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் டென்னசியில் ஸ்வான்சன் என்பவர் 1960-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதைக் காட்டுகிறது. உருவத்திலும் பரம்பரையிலும் ஒத்த இரட்டைக் கிடேரிகளை எடுத்து, ஒன்றைச் சாதாரணமாகவும் மற்றதைக் கொழுக்கும்படியும் வளர்த்தார். கொழுத்தது அழகாக இருந்தது. ஈன்ற பிறகு கறந்ததோ குறைவு. 1982-இல் டென்மார்க் அறிஞர் சேய்ர்சனும் அமெரிக்க நண்பர்களும் மடியையே பரிசோதித்தார்கள். பருவத்துக்கு முன் மிகைத் தீனி தின்ற கிடேரிகளின் மடியில் பால் திசு குறைந்தும் கொழுப்பு கூடியும் இருந்தன. பருவத்துக்கு வந்த பிறகு தின்ற மிகைத் தீனி அவ்வாறு கெடுக்கவில்லை. கொழுத்த கிடேரி சீக்கிரமே பருவத்துக்கு வந்துவிடுவதால் மடி வளரும் நாட்கள் குறைந்துபோவதே இதற்குக் காரணம் என்று பிற்காலத்தார் விளக்குகிறார்கள். எப்படியாயினும் பாடம் ஒன்றே: கொழுகொழு மடியைக் கண்டு ஏமாறக் கூடாது. பால் சுரப்பது திசு, கொழுப்பு அல்ல.

நம் வீடுகளில் நேர்வது பெரும்பாலும் இதற்கு நேர்மாறான வரிசை. பால் குடிக்கும் மாதங்களில் கன்றைப் பட்டினி போடுகிறோம். பிறகு மனம் இரங்கி, மிஞ்சிய சோறும் கஞ்சியும் தவிடும் கொட்டுகிறோம். மெக்மீக்கனின் பன்றிகளில் எது அதிகம் கொழுத்ததோ அந்த வரிசை இது. இந்தப் பருவத்தில் வேண்டியது பசுந்தீவனமும், அளவான புண்ணாக்கும், தாதுஉப்பும். மலபாரில் மலம்புழை தீவன ஆலையும், தோட்டத்துப் பக்கம் சொசைட்டிகளும் இருப்பதால் தீவனம் கிடைப்பதில் கஷ்டம் இல்லை. அளந்து போடுவதில்தான் கவனம் வேண்டும்.

தராசு இல்லாமல் எடை

அளக்காமல் எதையும் நம்பக் கூடாது என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். தையல்காரர் வைத்திருக்கும் நாடா ஒன்று போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதனாலேயே பெருக்குங்கள். தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு வரையுள்ள நீளத்தால் மீண்டும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோக் கணக்கில் எடை. சுற்றளவு 40, நீளம் 36 என்றால் ஏறக்குறைய 87 கிலோ. துல்லியம் சற்றுக் குறைவுதான். ஆனால் மாதம் ஒருமுறை ஒரே கையால் அளந்து காலண்டரில் குறித்துவந்தால், கன்று ஏறுகிறதா நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். நாளுக்கு 400, 500 கிராம் ஏறினால் கவலையில்லை. இரண்டு மாதம் நின்றுபோனால் புழுவா, தீவனக் குறையா என்று மருத்துவரைக் கேளுங்கள். குடற்புழு மருந்தைப் பத்து, பதினைந்து நாளிலேயே தொடங்க வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாத செய்தி.

நம் பிள்ளைகளுக்கு?

மாட்டுக் கணக்கை மனிதக் குழந்தைக்குப் பொருத்துவது தவறு. ஆனால் கேட்டுவைக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. புனேயில் டாக்டர் யாக்னிக் குழுவினர் 1993 முதல் நடத்திய ஆய்வில், அவ்வட்டாரக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் 3.5 கிலோ. நம் குழந்தைகள் சதையில் மிகவும் மெலிந்திருந்தும், கொழுப்பில் அவ்வளவு மெலியவில்லை. டில்லியில் பிறப்பு முதல் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களைப் பற்றி 2004-இல் வெளியான ஆய்வும் இதோடு ஒத்துப்போகிறது. இரண்டு வயது வரை மெலிந்திருந்து, பிறகு வேகமாகப் பருத்த பிள்ளைகளுக்கே பெரியவர்களானபின் சர்க்கரை நோய் அதிகம் காணப்பட்டது. தாய்க்குக் கர்ப்பகாலத்தில் நல்ல உணவு, பிள்ளைக்கு ஆறு மாதம் தாய்ப்பால், பிறகு புரதமுள்ள உணவு. இவற்றில் குறைவைத்துவிட்டு, பத்து வயதில் பேக்கரிப் பலகாரம் வாங்கிக் கொடுத்து ஈடுகட்ட முடியாது.

முடிவாக

எல்லைப்புறத்தில் இன்று பலர் கன்று வளர்ப்பதையே விட்டுவிட்டு, ஈன்ற மாட்டைச் சந்தையில் வாங்கிக் கறந்து, பால் வற்றினால் விற்றுவிடுகிறார்கள். கன்று வளர்த்துக் கட்டுப்படியாகாது என்பது அவர்கள் வாதம். பட்டினி போட்டு வளர்த்தால் கட்டாதுதான். வாங்கிய மாட்டின் முதல் மூன்று மாதத்தில் அதற்கு யார் என்ன கொடுத்தார்கள் என்பது சந்தையில் எழுதி ஒட்டியிருப்பதில்லை. நம் கொட்டகையில் பிறந்த கிடேரிக்கு அது நமக்கே தெரியும்.

இந்தத் தை மாதம் மாட்டுப் பொங்கலன்று பசுவுக்குக் குங்குமம் இடும்போது, பக்கத்தில் நிற்கும் கன்றின் விலா எலும்பை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எண்ண முடிந்தால், மறுநாள் சொசைட்டிக்குக் கொண்டுபோகும் பாலில் ஒரு லிட்டரைக் குறைத்துக்கொள்ளுங்கள்.